கால் மட்டும் நனைச்சேன்

பிப்ரவரி 11

அன்புச் சிட்டுவுக்கு,

அம்மா நல்லபடியா வந்து சேர்ந்து, நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்கறேன். இந்த மூணுல ஒண்ணு பொய். எதுன்னு நீயே கண்டுபிடி. உன் இருமல் நின்னுச்சா? அப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு? நாள் பூரா நின்னுக்கிட்டே முடிவெட்டறவர், ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுக்காம படுத்தா காலையில மாடிப்படி இறங்க முடியாது. நீயே வெந்நீர் வெச்சுக் கொடு. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்.

எனக்குக் கொடுத்திருக்கற அறை நாலாவது மாடியில. ஜன்னலைத் திறந்தா எதிர்க் கட்டடத்துச் சுவரும் ஒரு தண்ணிக் குழாயும் தெரியும். குழாய் கசியுது. நான் படிக்க வந்ததே தண்ணிச் சோதனை, அதனால இதுவும் பாடம்தான்னு வெச்சுக்கிட்டேன். கூட இருக்கறது ஒரு சின்னப் பொண்ணு. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருப்பா. நான் மனசுக்குள்ள கண்ணாடிக்காரின்னு பேர் வெச்சிருக்கேன்.

வகுப்புல எல்லாரும் உன்னைவிடக் கொஞ்சம் பெரியவங்க, அவ்வளவுதான். முதல் நாள் நான் உள்ளே நுழைஞ்சதும் டீச்சர் வந்துட்டாங்கன்னு நினைச்சு எல்லாரும் எழுந்து நின்னாங்க. உக்காருங்கன்னு சொல்ல அவங்க பாஷையில என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியலை. அதனால நானும் நின்னேன். நிஜ டீச்சர் வந்து பாத்துட்டு, இவ்வளவு மரியாதையான வகுப்பைப் பாத்ததே இல்லைன்னார்.

படிப்பு ரெண்டு பாதி. முதல் பாதி ஜூன்ல முடியும், அதுக்கே ஒரு சான்றிதழ் உண்டு. முழுசா படிச்சா டிசம்பர் ஆகும். ஜூன்லயே வந்துடலாம்னு பாக்கறேன். நம்ம ஆபீஸ் தண்ணி லேபுக்கு இவ்வளவு படிச்சதே ஜாஸ்தி.

ஏப்ரல் கடைசியில சனி ஞாயிறு எல்லாரும் சேர்ந்து ஒரு தீவுக்குப் போறாங்களாம். பேர் கொடுக்கச் சொல்லி அறிவிப்புப் பலகையில ஒட்டியிருக்கு. நான் கொடுக்கலை.

அப்பா ஏதாவது கேட்டாரா?

நேரத்துக்குச் சாப்பிடு. படுக்கப் போறதுக்கு முன்னாடி கேஸை மூடு.

அம்மா

*

மார்ச் 1

அம்மாவுக்கு உன் சிட்டு எழுதறது.

இங்கே ரெண்டு பேரும் சௌக்கியம். ஒருத்தி பேசிக்கிட்டே சௌக்கியம், ஒருத்தர் பேசாமலே சௌக்கியம். தூங்கறேன்னு எழுதினதுதான் பொய், சரியா?

உன் லெட்டரைச் சத்தம் போட்டுப் படிச்சேன். அப்பா பேப்பரை விரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். நான் படிச்சு முடிக்கற வரைக்கும் அவர் ஒரு பக்கம்கூடத் திருப்பலை. எல்லாரும் எழுந்து நின்ன இடம் வந்தப்ப பேப்பர் ஆடுச்சு. சிரிப்பா, காத்தான்னு தெரியலை. ஃபேன் ஓடலை.

அவர் கோபம் எனக்குப் புரியுதும்மா. யார் வீட்டுல பொண்ணு பாக்க வர்றாங்க, யாருக்கு வேலை மாத்தல், யார் வீட்டு நாய் குட்டி போட்டுச்சுன்னு ஊருக்கே முன்னாடி தெரியற இடம் அவர் சலூன். தன் பொண்டாட்டி வெளிநாடு போறதை அவர் யார் சொல்லிக் கேட்டார்? தபால்காரர். அதுவும் தாடையில சோப்பு நுரையோட. "உங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஃபாரின்லேர்ந்து கவர் வந்துச்சே, செலக்ட் ஆகிட்டாங்களா?"ன்னு. கிடைக்காட்டி எல்லாரும் கேலி பண்ணுவாங்கன்னுதான் நீ சொல்லாம விண்ணப்பம் போட்டேன்னு எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

நீ ஃபோன் பண்ணினா "இரு, கொடுக்கறேன்"னு ரிசீவரை என்கிட்ட நீட்டிடறார். ஆனா ரூமைவிட்டுப் போறதில்லை. கவனிச்சிருக்கியா? உனக்கு எப்படித் தெரியும், நான்தானே பாக்கறேன்.

வெந்நீர் கொடுத்தேன். "யார் சொன்னா?"ன்னார். "ஹைஜீன் பாடத்துல இருக்கு"ன்னேன். "நல்ல பாடம்"னு காலை நீட்டினார்.

தீவுக்குப் பேர் கொடு. போகலைன்னா உன்கூட டூ.

சிட்டு

*

மார்ச் 22

சிட்டுவுக்கு,

இங்கே குளிர் விட்டுடுச்சு, எனக்கு உடம்பு ஒண்ணும் இல்லை. உன் மாதத் தேர்வு எப்படி? கணக்குல கவனக்குறைவா கூட்டல்ல விடாதே. அப்பா கால் தேவலையா?

முதல் தேர்வுல வகுப்புல ரெண்டாவதா வந்திருக்கேன். முதல்ல வந்தது கண்ணாடிக்காரி. ரிசல்ட் பாத்ததும் அவ என்னைக் கட்டிப் பிடிச்சா. அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கு.

தீவு வேண்டாம் சிட்டு. சின்னப் பசங்க கும்பல்ல நான் போய் என்ன செய்யறது? அவங்க குதிப்பாங்க, நீந்துவாங்க. எனக்குத் தண்ணியைப் பாட்டில்ல பாத்துத்தான் பழக்கம். முழங்கால் ஆழத்துல இறங்கினாலே எனக்கு மூச்சு முட்டும். உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு வந்ததே பெரிசு, இதுல ஊர் சுத்தல் வேறயான்னு இருக்கு.

ஜூன்ல வந்துடறேன். அப்பாகிட்ட நீயே சொல்லிடு, அவருக்கும் நிம்மதியா இருக்கும். ஊறுகாய் ஜாடியில ஈரக் கரண்டி போடாதே.

அம்மா

*

ஏப்ரல் 8

அம்மாவுக்கு,

நான் சௌக்கியம், கணக்குல கூட்டல் சௌக்கியம் இல்லை. ஊறுகாய்ல பூசணம் பிடிச்சிடுச்சு, நீ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.

உன் லெட்டரைப் படிச்சேன். ஜூன்ல வந்துடறேன்கற இடத்துல அப்பா பேப்பரை இறக்கினார்.

"ஏன், பாதியில என்னவாம்?"

"உங்களுக்கு நிம்மதியா இருக்குமாம்."

"எனக்கு என்ன நிம்மதி? நான் வரச் சொன்னேனா?"

"போகச் சொன்னீங்களா?"

பேப்பர் மறுபடி மேலே போயிடுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு உள்ளேயிருந்தே ஒரு குரல்: "அந்தத் தீவுல டாக்டர் உண்டா?" தெரியலைன்னேன். "கேட்டு எழுதச் சொல்லு. தெரியாத இடத்துக்கு வெறுங்கையோட போகக் கூடாது. தலைவலித் தைலம் எடுத்துட்டுப் போகச் சொல்லு."

போக வேண்டாம்னு சொல்லலை பாத்தியா? தைலம் எடுத்துட்டுப் போன்னா போன்னுதானே அர்த்தம்? நானும் இத்தனை வருஷமா இவர் பேச்சுக்கு அர்த்தம் எழுதியே மொழிப்பாடத்துல நல்ல மார்க் வாங்கறேன்.

அம்மா, நீ உனக்குன்னு ஒரு இடத்துக்கும் போய் நான் பாத்ததில்லை. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, ஆபீஸ், இவ்வளவுதான். பள்ளிக்கூடத்துலேர்ந்து எங்களை டூர் கூட்டிட்டுப் போனப்ப எனக்கு பை கட்டிக் கொடுத்தது நீ. இப்ப உன் பையை நான் வந்தா கட்ட முடியும்? நீயே கட்டு. போ.

சிட்டு

*

மே 2

அன்புச் சிட்டுவுக்கு,

போயிட்டு வந்துட்டேன். முழுசா வந்து சேர்ந்திருக்கேன். தோல் மட்டும் கறுத்து உரியுது. தைலம் எடுத்துட்டுப் போனேன். தலைவலி எனக்கு வரலை, படகுக்காரருக்கு வந்துச்சு. தடவிவிட்டுட்டு பாட்டிலையே வெச்சுக்கிட்டார்.

விடியக்காலையில படகு. ஏறும்போது பாட்டும் கூத்துமா இருந்த கும்பல், கரை மறைஞ்சதும் ஒவ்வொண்ணா கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தலையைக் கவுத்துடுச்சு. வாந்தி எடுக்காத நாலு பேர்ல நானும் ஒருத்தி. நெட்டைன்னு ஒரு பையன் இருக்கான், வகுப்பிலேயே உயரம், வாயும் அதே நீளம். அவன் பச்சை நிறமாயிட்டான். அவன் முதுகை நான்தான் நீவிவிட்டேன்.

தீவுல இறங்கினதும் முதல்ல வெக்கை. ஈரத் துணியை முகத்துல போட்ட மாதிரி. மணல் உப்பு மாதிரி வெள்ளை, செருப்பில்லாம கால் வைக்க முடியலை. கரையை ஒட்டித் தென்னை, அதுக்குப் பின்னாடி இலை இலையா கனத்த காடு. கடல் நிறத்துக்கு எனக்கு வார்த்தை தெரியலை. பச்சைன்னு நினைச்சுப் பாத்தா நீலம், நீலம்னு பாத்தா பச்சை. மழை சொல்லாம வந்துச்சு, சொல்லாமலே போச்சு. ஒரே நாள்ல பல தடவை. யாரும் ஒதுங்கறதில்லை, நனைஞ்சு நடக்கறாங்க, காய்ஞ்சுக்கிட்டே நடக்கறாங்க.

தகரக் கூரை போட்ட விடுதி. கட்டிலுக்குக் கொசுவலை. அங்கே கிணத்துத் தண்ணி உப்பு. கூரை மழையைப் பிடிச்சுத் தொட்டியில வெச்சுத்தான் குடிக்கறாங்க. நான் பழக்கதோஷத்துல ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். விடுதிக்காரம்மா பக்கத்துல வந்து நின்னு, "என் தண்ணி பாஸா?"ன்னாங்க. ஒரே மூச்சுல குடிச்சுக் காட்டினேன். அதுக்கப்புறம் எனக்கு மட்டும் ரெண்டு மீன் வந்துச்சு.

கடல்ல கால் மட்டும் நனைச்சேன்.

டாக்டர் உண்டான்னு கேட்டாரே, உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை படகுல வருவாராம்.

உன் பரீட்சை அட்டவணை அனுப்பு. ரெண்டு பேரும் உடம்பைப் பாத்துக்கோங்க.

அம்மா

*

மே 19

அம்மாவுக்கு,

நான் நலம், அப்பா கால் நலம், வாய் அதைவிட நலம். ஏன்னு கேளு.

நேத்து ரோட்டுல எங்க கணக்கு சார் என்னை நிறுத்தினார். "உங்கம்மா போன படகுல எல்லாரும் வாந்தியாமே, அம்மா ஒருத்தங்கதான் அசையாம உக்காந்திருந்தாங்களாமே? கேப்டனுக்கே வைத்தியம் பாத்தாங்களாமே?"

நான் நின்ன இடத்துலயே நின்னுட்டேன். அவர் போன வாரம் முடிவெட்டிக்கிட்டாராம். நாலு பேர் ஒருத்தியானதும், படகுக்காரர் கேப்டனானதும் எந்த நாற்காலியில நடந்துச்சோ தெரியலை. அப்பாவைக் கேட்டேன். "பேச்சுவாக்குல வந்துச்சு"ன்னார். நம்ம வீட்டுல அந்தப் பேச்சுவாக்கு எங்கே போகுதோ.

ஃபோட்டோ ஏதும் எடுக்கலையா? ஒண்ணாவது அனுப்பு. நீ கால் நனைச்ச கடலை நாங்களும் பாக்கணும்.

சிட்டு

*

ஜூன் 5

சிட்டுவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலமா இருக்கணும். இது சின்ன லெட்டர், நாளைக்குப் பரீட்சை.

ரெண்டு விஷயம். ஒண்ணு, ரெண்டாம் பாதிக்குப் பேர் கொடுத்துட்டேன். டிசம்பர்லதான் வருவேன். இதை நான் யாரையும் கேக்கலை. கேட்டிருக்கணும்னும் தோணலை. ஆனா கையெழுத்துப் போட்ட அன்னிக்கே எழுதறேன்.

ரெண்டாவது, ஃபோட்டோ. கண்ணாடிக்காரி எடுத்தது. நீ மட்டும் பாத்துட்டுப் பத்திரமா வெச்சுக்கோ. அப்பாகிட்ட காட்ட வேண்டாம்.

அம்மா

*

ஜூன் 24

அம்மாவுக்கு,

சௌக்கியம்னு எழுதித்தான் ஆரம்பிக்கணும், அதனால சௌக்கியம்.

கால் மட்டும் நனைச்சேன்னு எழுதினியே. படத்துல உன் கால் விரல்தான்மா தண்ணிக்கு வெளியே காயுது. மத்ததெல்லாம் கடல்ல இருக்கு. நீ மல்லாந்து மிதக்கறே. யாரோட சட்டையோ போட்டிருக்கே. முடி அவிழ்ந்து சுத்திப் பரந்திருக்கு. கண்ணைத் திறந்து வானத்தைப் பாக்கறே. எனக்கு இந்த அம்மாவைத் தெரியாது. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். அழுதேன்னு எழுதினா நீ பயந்துடுவே, அதனால எழுதலை.

காட்ட வேண்டாம்னு சொன்னே. நான் காட்டிட்டேன். மறந்துபோய்க் காட்டலை, யோசிச்சுத்தான் காட்டினேன். இப்படி ஒரு படத்தைப் புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வெச்சா, நீ ஏதோ தப்பு செஞ்ச மாதிரி ஆயிடும். டீ டம்ளர் பக்கத்துல வெச்சுட்டு, டிசம்பர் வரைக்கும்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன்.

அப்பா கையைத் துண்டுல துடைச்சுட்டு எடுத்தார். ஜன்னல்கிட்ட போய் வெளிச்சத்துல பாத்தார். டீ ஆறி ஆடை படிஞ்சுடுச்சு. அப்புறம் கேட்டார்:

"இது யார் கை?"

அப்பதான் நானும் பாத்தேன். உன் தலைக்கு அடியில தண்ணிக்குள்ள ஒரு கை தெரியுது. ஆம்பளைக் கை. மணிக்கட்டுக்கு மேலே படத்துல இல்லை.

"தெரியலைப்பா."

அவர் படத்தைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு கடைக்குப் போயிட்டார். அன்னிக்கு ஹெட்மாஸ்டருக்கு ஒரு பக்கக் கிருதா மேலே, ஒரு பக்கம் கீழே. மனுஷன் அப்படியே அசெம்பிளிக்கு வந்தார். இத்தனை வருஷத்துல அப்பா கை தப்பினது இதுதான் முதல் தடவைன்னு எல்லாரும் சொல்றாங்க.

யார் கைம்மா அது?

சிட்டு

*

ஜூலை 28

அம்மாவுக்கு,

நல்லா இருக்கியா? இந்தத் தடவை நிஜமாவே கேக்கறேன்.

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, உன்கிட்டேர்ந்து ஒரு வரி இல்லை. ஃபோனும் இல்லை. அப்பா தபால்காரர் வர்ற நேரத்துக்குக் கடை வாசல்ல வந்து நிக்கறார். துண்டை உதறறதுக்குன்னு சொல்றார். அவ்வளவு துண்டு நம்மகிட்ட இல்லை.

நான் காட்டினது தப்பா? தப்புன்னா திட்டி எழுது. பேசாம இருக்கறதுக்கு இந்த வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார்.

சிட்டு

*

ஆகஸ்ட் 12

என் சிட்டுவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நிஜமாவே. உன் மேல கோபம் இல்லை. நீ செஞ்சது சரி, ஒளிச்சு வைக்கச் சொன்ன நான்தான் யோசிக்கலை.

யார் கைன்னு நீ கேட்டதைப் படிச்சதும் பேனாவை எடுத்தேன். முதல்ல எழுதினதெல்லாம் சமாதானம் சொல்ற லெட்டர். அங்கே எல்லாரும் இருந்தாங்க, பகல் நேரம், அப்படி இப்படின்னு. படிச்சுப் பாத்தா கைதி எழுதின மாதிரி இருந்துச்சு. கிழிச்சேன். மறுபடி எழுதினேன், அது சண்டை போட்டுச்சு. அதையும் கிழிச்சேன். இப்பதான் எனக்கு நிதானம் வந்திருக்கு.

அது நெட்டையோட கை. படகுல நான் முதுகை நீவிவிட்டேனே, அதே பையன். உன் வயசுல அவனுக்கு ஒரு தங்கை இருக்கா. லீவுல பொடிப் பசங்களுக்கு நீச்சல் கத்துக்கொடுத்தவன்.

சனிக்கிழமை நான் எல்லாரோட பைகளுக்கும் காவலா கரையில உக்காந்திருந்தேன். கண்ணாடிக்காரி தண்ணியிலேர்ந்து வந்து, "பைகளுக்குக் காவல் வைக்கவா உங்களைக் கூட்டிட்டு வந்தோம்?"னு தன் சட்டையைக் கொடுத்து மாத்திக்கச் சொன்னா. இறங்கினேன். நெட்டை, "படுங்க, நான் பிடிச்சுக்கறேன்"னான். படுத்தேன், முழுகினேன். மறுபடியும் அதேதான். மூக்கு, காது, வயிறு எல்லாம் உப்புத்தண்ணி. பிள்ளைங்க யாரும் சிரிக்கலை, அதுதான் அவமானமா இருந்துச்சு. போதும்னு கரையேறிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் மணல்ல உக்காந்து, ஜூன்லயே ஊருக்குப் போயிடறதுதான் சரின்னு முடிவே பண்ணிட்டேன். எனக்கு முடியறது இவ்வளவுதான்னு.

ஞாயித்துக்கிழமை படகுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. நானே போய் அவனை எழுப்பினேன். "இன்னொரு தடவை." அவன் கண்ணைக் கசக்கிக்கிட்டே வந்தான். அப்ப எடுத்த படம்தான் அது.

இதுக்கு மேலே நான் சொல்ல ஒண்ணும் இல்லை. இதுல மறைக்க எதுவும் இல்லை. அப்பா கேட்டா இதை அப்படியே படி. கேக்காட்டியும் படி.

சாப்பாடு ஒழுங்கா சாப்பிடு. இளைச்சிருக்கியோன்னு தோணுது, எழுத்தே மெலிஞ்சிருக்கு.

அம்மா

*

ஆகஸ்ட் 30

சிட்டு அம்மாவுக்கு,

இங்கு நானும் குழந்தையும் நலம். உன் நலத்தைக் குழந்தை படிக்கக் கேட்டுத் தெரிஞ்சுக்கறேன். நான் லெட்டர் எழுதி எத்தனையோ வருஷம் ஆச்சு. கத்தரிக்கோல் பிடிச்ச கைக்குப் பேனா வழுக்குது, கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

நீ போனதுல எனக்குக் கோபம் இல்லை. தபால்காரர் வாயிலேர்ந்து கேட்டதுதான் கோபம். அவர் நாற்காலியில உக்காந்திருக்கார், கத்தி என் கையில இருக்கு, "ஆமாமா, செலக்ட் ஆகிட்டா"ன்னு எனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி சொல்லிக்கிட்டே ஷேவ் பண்ணி முடிச்சேன். அன்னிக்கு அது பெரிசா இருந்துச்சு. இப்ப இல்லை. ரெண்டாம் பாதியைக் கையெழுத்துப் போட்ட அன்னிக்கே எழுதினியே, அதுல போயிடுச்சு.

அந்தக் கை விஷயம். முதல்ல பாத்ததும் எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ஹெட்மாஸ்டர் கிருதாவைக் குழந்தை எழுதியிருப்பா. ஆனா படம் பையிலேயே இருந்துச்சா, ஆள் இல்லாத நேரத்துல எல்லாம் எடுத்து எடுத்துப் பாத்தேன். பொழுதன்னிக்கும் அடுத்தவங்க தலையைப் பிடிச்சு வேலை செய்யறவன் நான். தலையைப் பிடிச்சா கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உள்ளங்கை படியும், கட்டைவிரல் காதுக்குப் பின்னாடி வந்து நிக்கும். இந்தக் கை அப்படி இல்லை. உள்ளங்கை படலை. விரல் நுனிதான் தொட்டுக்கிட்டு இருக்கு. இது பிடிச்சிருக்கற கை இல்லை, விடப் போற கை. அடுத்த நொடியில அந்தக் கை அங்கே இருந்திருக்காது. அந்தப் பையனுக்கு வேலை தெரிஞ்சிருக்கு.

அப்படின்னா அந்தப் படத்துக்கு அப்புறம் நீ தனியா மிதந்திருக்கணும். அதை நீ எழுதவே இல்லை. கால் நனைச்சேன்னு எழுதினே, கை யாருதுன்னு எழுதினே, முக்கியமானதை விட்டுட்டே.

படத்தை நானே கடையில எல்லாருக்கும் காட்டறேன். ரிட்டையர்டு பேங்க் மேனேஜர் பாத்துட்டு, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"ன்னார். "ஏன் சார் தேவையில்லை?"ன்னு கேட்டேன். சாதாரணமாத்தான் கேட்டேன். அவர் தொண்டைக்குழியில கத்தி இருந்துச்சு. "தேவைதான், தேவைதான்"னுட்டார்.

போன ஞாயிறு நானும் குழந்தையும் நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போனோம். உன்னால முடிஞ்சது எனக்கு முடியாதான்னு ஒரு எண்ணம். குழந்தை என் தலையைப் பிடிச்சுக்கிட்டா. நான் கல்லு மாதிரி உள்ளே போயிட்டேன். தும்மித் தும்மி வெளியே வந்தேன். மறுபடி படுத்தேன், மறுபடி கல்லு. பக்கத்துல ஒரு வாண்டு பொம்மை மாதிரி மிதக்குது, நான் தரையில கிடக்கறேன். இதையும் கடையில சொல்லிட்டேன். "எனக்கு வரலை, அவளுக்கு வந்துச்சு"ன்னு எல்லார்கிட்டயும் நானே சொன்னேன். சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு.

டிசம்பர் வரைக்கும் நல்லா படி. அவசரமா எதுவும் பண்ண வேண்டாம். வீடு நடக்குது. ஊறுகாய் புதுசு போட்டுட்டேன்.

அந்தக் கை போனதுக்கப்புறம் என்ன ஆச்சு? எழுது.

சிட்டு அப்பா

*

செப்டம்பர் 17

என்னங்க,

உங்க எழுத்தைக் கவர் மேலே பாத்ததும் கண்ணாடிக்காரி, "யாருக்கு உடம்பு சரியில்லை?"ன்னு பயந்துட்டா. என் முகம் அப்படி இருந்திருக்கு. யாருக்கும் ஒண்ணும் இல்லை, என் வீட்டுக்காரர் தண்ணியில முழுகிட்டார்னு சொன்னேன். அவ இன்னும் பயந்துட்டா. அப்புறம் விளக்கினேன். நான் சௌக்கியம். குளத்துத் தண்ணி காதுல தங்கியிருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, சும்மா விடாதீங்க.

ஜூன் பரீட்சை முடிவு வந்துடுச்சு. இந்தத் தடவை நான்தான் முதல். குழந்தைக்கு எழுதறதுக்கு முன்னாடி உங்களுக்கு எழுதறேன். தபால்காரரை உக்கார வெச்சுச் சொல்லுங்க.

கை போனதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டீங்க. இந்த ஊர்ல யாரும் அதைக் கேக்கலை. கை போனதே எனக்குத் தெரியலை. காது தண்ணிக்குள்ள இருந்ததால வெளிச்சத்தம் ஒண்ணும் இல்லை, என் மூச்சு மட்டும் பெரிசா கேட்டுச்சு. கண்ணுக்கு முன்னாடி வெறும் வானம். அப்ப மழை ஆரம்பிச்சுது. கன்னத்துல, இமையில, நெத்தியில துளித்துளியா விழுது. முதுகுக்குக் கீழே கடல் வெதுவெதுன்னு இருக்கு. மேலேயும் தண்ணி, கீழேயும் தண்ணி, நடுவுல நான். இத்தனை வருஷமா எதைப் பாட்டில்ல அடைச்சு சீட்டு ஒட்டினேனோ, அது என்னைத் தூக்கி வெச்சிருக்கு. குழந்தை சாப்பிட்டாளா, கேஸை மூடினாளா, நீங்க பேசுவீங்களா, ஒண்ணும் நினைவுல இல்லை. உண்மையைச் சொல்றேன், உங்களையும் நினைக்கலை. நான் மட்டும்தான் இருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. தள்ளிப் போயிட்டேன்னு கரையிலேர்ந்து கத்தியிருக்காங்க, எனக்குக் கேக்கலை. நானா காலை ஊணி எழுந்து நின்னப்ப, அந்தப் பசங்க மழையில நின்னு கை தட்டிக்கிட்டு இருந்தாங்க. நெட்டை எங்கேயோ தூரத்துல இருந்தான். படகுல திரும்பும்போது டிசம்பர் வரைக்கும் இருக்கறதுன்னு மனசு தானா சொல்லிடுச்சு.

இதை எழுதினா வீட்டை மறந்துட்டாள்னு நினைப்பீங்களோன்னுதான் கால் நனைச்சேன்னு எழுதினேன். நீங்க கேட்டுட்டீங்க, இனி பயம் இல்லை.

நீங்க ஏன் முழுகறீங்கன்னு எனக்குத் தெரியும். கழுத்தை விறைப்பா வெச்சிருப்பீங்க. ஒரு நாளைக்கு எத்தனை பேர்கிட்ட சொல்றீங்க, "தலையை என்கிட்ட விடுங்க சார், நீங்க பிடிக்காதீங்க"ன்னு. அதேதான். குழந்தை கையில தலையை விடுங்க. எட்டிப் பாக்காதீங்க. வயித்தைக் கொஞ்சம் மேலே தூக்குங்க, மேலே தூக்க உங்ககிட்ட வயிறு இருக்கு. மூச்சை நிதானமா விடுங்க.

அடுத்த ஞாயிறும் போங்க. இன்னொண்ணு, மிதக்கும்போது பேசக்கூடாது. எனக்கு அது சுலபமா வந்துச்சு. உங்களுக்குத்தான் கஷ்டம்.

உங்கள்,
சிட்டு அம்மா